கணினிக்குக் குறைந்த செலவில் யூபிஎஸ் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சாரம் நின்றதும் தன் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியே யூபிஎஸ். ஒரு மேசைக் கணினி, ஒரு திரை, ஒரு ரூட்டர் ஆகியவற்றை வைத்து வேலை செய்பவர்களை மனத்தில் கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பெரிய சர்வர் அறைகளுக்கான யூபிஎஸ்கள் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

யூபிஎஸ் இருந்தால் மின்சாரம் இல்லாதபோதும் வேலையைத் தொடரலாம் அல்லவா?

சில நிமிடங்களுக்குத் தொடரலாம். சிறிய யூபிஎஸ் ஒன்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரே ஒரு ஈய-அமில பேட்டரிதான். செங்கல்லைவிடச் சிறியதாக, 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடன் இருக்கும் அந்தப் பேட்டரியை நம்பி மணிக்கணக்கில் வேலை செய்ய இயலாது. எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்து, கோப்பைச் சேமித்து, கணினியை முறைப்படி அணைப்பதற்குத் தேவையான நேரத்தை அது தரும். நொடிப்பொழுதில் வந்து போகும் மின்தடைகளை நமக்குத் தெரியாமலேயே கடத்திவிடும். இவ்வளவுதான் தேவை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்பவர், தேவைக்கு மேற்பட்ட பெரிய யூபிஎஸ்ஸுக்குப் பணம் கொடுக்க மாட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும் என்பவருக்குப் பெரிய பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டரே ஏற்றது.

திடீரென்று மின்சாரம் நின்றால் கணினிக்கு உண்மையில் என்ன கெடுதல்?

சேமிக்காத வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிடக் கவலைக்குரியது, ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ எழுதிக்கொண்டிருக்கும் தறுவாயில் மின்சாரம் அறுபடுவது. கோப்பு எழுதி முடிந்துவிட்டதாக இயங்குதளம் நம்பிக்கொண்டிருக்கும்போது, அதன் ஒரு பகுதி இன்னும் தற்காலிக நினைவகத்திலேயே காத்திருக்கலாம். இன்றைய கோப்பு முறைமைகள் நடந்தவற்றைக் குறித்துவைத்து மீளும் வசதி கொண்டவை என்பதால் முழு வட்டும் பாழாவது அரிது. ஆனால் திறந்திருந்த கணக்குப் புத்தகக் கோப்பு ஒன்றோ, மின்னஞ்சல் தரவுத்தளமோ சிதைந்துபோவது அவ்வளவு அரிதன்று. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே இயங்காமற்போகக்கூடும். அந்த வேலையை யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதிருப்பதே நல்லது.

மடிக்கணினிக்கும் யூபிஎஸ் வேண்டுமா?

வேண்டாம். அதனுள்ளே இருக்கும் பேட்டரியே யூபிஎஸ்ஸின் வேலையைச் செய்கிறது. ரூட்டருக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டால் போதும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லப்பட்டுள்ளது.

பெட்டியின் மேல் 600 விஏ என்று பெரிய எழுத்திலும், 360 வாட் என்று சிறிய எழுத்திலும் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

சிறிய எழுத்தைத்தான். விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் வரும் எண்; வாட் என்பது கருவி உண்மையாகப் பயன்படுத்தும் மின்திறன். இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைத் திறன்காரணி என்பார்கள். மலிவான யூபிஎஸ்களில் அது பெரும்பாலும் 0.6 என்ற அளவில் இருப்பதால் 600 விஏ என்பது 360 வாட்டாகவும், 1000 விஏ என்பது 600 வாட்டாகவும் சுருங்கிவிடுகிறது. இக்காலக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ்கள் (சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் உள்பெட்டிகள்) பெரும்பாலும் திறன்காரணியைத் திருத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் விஏயும் வாட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும் என்பதால், முதலில் முட்டுவது வாட் வரம்புதான்.

ஒரே 1000 விஏ என்ற பெயரில் ஒன்று 500 வாட்டும் மற்றொன்று 600 வாட்டும் தருவதாக இருக்கலாம். விலையை ஒப்பிடும்போது விஏயை விட்டுவிட்டு, வாட்டை வைத்தே ஒப்பிட வேண்டும். வாட் எண் எங்குமே அச்சிடப்படாத யூபிஎஸ்ஸை நான் வாங்க மாட்டேன்.

என் கணினி எத்தனை வாட் எடுக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 500 வாட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, 500 வாட்டுக்கு மேல் யூபிஎஸ் தேடுபவர்கள் பலர். அந்த எண், எஸ்எம்பிஎஸ் அதிகபட்சமாக எவ்வளவு வழங்க முடியும் என்பதைக் குறிக்கிறதே தவிர, கணினி எவ்வளவு எடுக்கிறது என்பதைக் குறிப்பதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி, சாதாரண வேலையின்போது 40 முதல் 80 வாட் வரை எடுப்பதே வழக்கம். நடுத்தர அளவுள்ள எல்இடி திரைக்கு 20 முதல் 30 வாட் போதும். ரூட்டருக்குச் சுமார் 10 வாட். கிராபிக்ஸ் கார்டு பொருத்திய விளையாட்டுக் கணினியின் கதை வேறு. விளையாட்டு ஓடும்போது அது 300 வாட்டைத் தாண்டுவது சாதாரணம்.

ஊகத்தை விட்டுவிட்டுத் துல்லியமாக அறிய, சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே செருகும் சிறிய வாட்மீட்டர் ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கினாலும் போதும். கணினியை இயக்கும்போது எண் மேலே எகிறும். இயங்குதளம் ஏறி முடிந்ததும் இறங்கி ஓரிடத்தில் நிலைகொள்ளும். ஒரு பெரிய காணொலியை மாற்றும் வேலையைக் கொடுத்தால் மீண்டும் ஏறும். அந்த உச்ச எண்ணைக் குறித்துக்கொண்டு, யூபிஎஸ்ஸின் வாட் வரம்பில் அது 60 அல்லது 70 விழுக்காட்டுக்குள் அடங்குமாறு தேர்ந்தெடுக்கலாம். உதாரணமாக, கணினிக்கு 90, திரைக்கு 25, ரூட்டருக்கு 10 எனக் கூட்டினால் 125 வாட் வருகிறது. 360 வாட் யூபிஎஸ்ஸுக்கு இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் 600 விஏ தாராளமாகப் போதும். விளையாட்டுக் கணினியும் திரையும் சேர்ந்து 390 வாட் எடுக்குமானால் 600 வாட் யூபிஎஸ் தேவைப்படும். கிராபிக்ஸ் கார்டுகள் கணநேரம் வாட்மீட்டரில் தெரியாத அளவுக்குக் கூடுதலாக இழுப்பவை என்பதால் அங்கே கஞ்சத்தனம் கூடாது.

அந்தச் சுமைக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? கணக்கிட வழி உண்டா?

உண்டு, ஆனால் பள்ளிக்கூடக் கணக்கைப்போல நேராகப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 12 வோல்ட்டை 7 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 84 வாட்-மணி. அப்படியானால் 84 வாட் சுமையை ஒரு மணி நேரம் தாங்க வேண்டுமல்லவா? தாங்காது. ஏனெனில் 7 ஆம்பியர்-மணி என்பது, 20 மணி நேரம் நிதானமாக, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவு. யூபிஎஸ்ஸோ அதே பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் வீதம் உறிஞ்சுகிறது. ஈய-அமில பேட்டரியிடம் எவ்வளவு அவசரப்படுத்திக் கேட்கிறோமோ அவ்வளவு குறைவாகவே அது மொத்தத்தில் கொடுக்கும். மேலும் 12 வோல்ட்டை வீட்டு மின்னழுத்தமாக மாற்றும்போது 15 முதல் 20 விழுக்காடு வரை வெப்பமாகப் போய்விடுகிறது.

இந்த இரண்டு இழப்புகளையும் கழித்தால், 100 வாட் சுமைக்கு 84 வாட்-மணியில் பாதிகூடத் தேறாமல் 30 முதல் 40 வாட்-மணிதான் கைக்கு வரும். புதிய பேட்டரியுடன் சுமார் 20 நிமிடம் என்று எதிர்பார்க்கலாம். சுமை 200 வாட்டாக இரட்டித்தால் நேரம் பாதியாகக் குறைவதோடு நிற்காது. பாதிக்கும் கீழே போய்விடும். 360 வாட் முழுச் சுமையில் சில நிமிடங்கள் கிடைத்தாலே பெரிது. இரண்டு ஆண்டு ஓடிய பேட்டரியில் இந்த எண்கள் எல்லாவற்றையும் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் மிகச் சிறிய சுமைக்கானது. எத்தனை வாட்டுக்கு அந்த நிமிடம் என்பதைத் தேடிப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

ஆஃப்லைன், லைன்-இன்டராக்டிவ், ஆன்லைன் என்று மூன்று வகை சொல்கிறார்களே, எது வேண்டும்?

ஆஃப்லைன் வகையில், மின்சாரம் இருக்கும் வரை அது அப்படியே கணினிக்குப் போகும். நின்றதும் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சு 'டக்' என்ற ஒலியுடன் பேட்டரிக்கு மாறும். லைன்-இன்டராக்டிவ் வகையும் அவ்வாறே இயங்குவதுதான் என்றாலும், அதனுள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தம் குறைந்தால் சற்று ஏற்றியும் கூடினால் சற்று இறக்கியும் கொடுக்கும். ஆன்லைன் வகையில் வருகிற மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாகவும் (டிசி), பின்னர் மீண்டும் மாறுமின்னோட்டமாகவும் (ஏசி) எந்நேரமும் மாற்றப்பட்டுக்கொண்டே இருப்பதால், மாறும் இடைவெளி என்பதே கிடையாது. விலை அதிகம், மின்விசிறி ஓயாமல் இரையும், தானே ஓரளவு மின்சாரத்தையும் தின்னும்.

சிக்கனமாக வாங்க விரும்புபவருக்கு என் பரிந்துரை லைன்-இன்டராக்டிவ் வகையே. மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்தில் ஆஃப்லைன் யூபிஎஸ், ஒவ்வொரு சரிவுக்கும் பேட்டரிக்குத் தாவித் தாவி அதன் ஆயுளைக் கரைத்துவிடும். லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ்ஸோ பேட்டரியைத் தொடாமலேயே சமாளிக்கும். மின்னழுத்தம் எப்போதும் சீராக இருக்கும் இடத்தில் ஆஃப்லைன் வகையும் குறையில்லாமல் வேலை செய்யும். வீட்டுக் கணினிக்கு ஆன்லைன் வகை தேவையில்லை.

மாறும் நேரத்தில் கணினி அணைந்துவிடாதா?

பெரும்பாலும் அணையாது. ஆஃப்லைன், லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ்கள் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் வழக்கமாக 4 முதல் 10 மில்லிவினாடிதான். கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் தடித்த மின்தேக்கி ஒன்று உண்டு. உள்ளே வரும் மின்சாரம் அறுந்த பிறகும், அதில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தைக் கொண்டு 16 அல்லது 17 மில்லிவினாடி வரை தாங்க வேண்டும் என்பதே மேசைக் கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான வடிவமைப்பு விதி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிவினாடி என்பதோடு ஒப்பிட்டால் இந்த அவகாசம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். யூபிஎஸ் நல்லதாக இருந்தும் கணினி அணைகிறது என்றால், பழையதாகித் தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸையோ, அதன் திறனை மீறிய சுமையையோ சந்தேகிக்கலாம். யூபிஎஸ்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகாத சிக்கல், மலிவான எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றியதும் தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

சுத்தமான சைன் அலை தரும் யூபிஎஸ்தான் வாங்க வேண்டுமா?

சுவரிலிருந்து வரும் மின்சாரம் வழவழப்பான அலையாக ஏறி இறங்குவது. மலிவான யூபிஎஸ், பேட்டரியில் ஓடும்போது அந்த அலையைப் படிக்கட்டுபோல வெட்டி வெட்டித் தருகிறது. ஒவ்வொரு படிக்கும் நடுவே மின்னழுத்தம் சிறிது நேரம் சுழியத்திலேயே நிற்கும். திறன்காரணியைத் திருத்திக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ்கள் உள்ளே வரும் அலையைப் பின்தொடர்ந்தே மின்னோட்டத்தை இழுப்பவை. எனவே இந்தப் படிக்கட்டு அலையில் அவற்றுள் சில முணுமுணுக்கும். சில, யூபிஎஸ் மாறிய கணத்தில் திடீரென அதிக மின்னோட்டத்தை இழுத்து ஓவர்லோடு எச்சரிக்கையை எழுப்பிவிடும். பெரும்பாலானவை எதுவும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இதற்குப் பொதுவான விடை கிடையாது. சாதாரண அலுவலகக் கணினிக்குப் படிக்கட்டு அலையே போதும். அதற்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் உயர்தர எஸ்எம்பிஎஸ்ஸும் கொண்ட கணினியாக இருந்தால் சைன் அலை யூபிஎஸ் மன அமைதியைத் தரும். ஏற்கெனவே ஒரு யூபிஎஸ் கையில் இருந்தால், முழுச் சுமையுடன் ஓடவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?

லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ் இருந்தால் வேண்டாம். அதன் உள்ளீட்டு மின்னழுத்த எல்லை எங்கிருந்து எங்கு வரை என்பதை மட்டும் விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லை அகலமாக இருக்குமளவுக்குப் பேட்டரிக்கு ஓய்வு.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதிலேயே கணினியை ஓட்டக் கூடாதா?

ஓட்டலாம், இரண்டு நிபந்தனைகளுடன். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறிய சுவிட்சு இருக்கும். அதை யூபிஎஸ் நிலைக்குத் தள்ளினால் அது விரைவாக மாறும், சாதாரண நிலையில் விட்டால் கணினி அணைந்துபோகும் அளவுக்குத் தாமதமாக மாறும். அந்தச் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதையே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது நிபந்தனை, அது சதுர அலை (நடுவே படிகூட இல்லாமல் மின்னழுத்தம் மேலும் கீழும் நேராகத் தாவும் அலை) தரும் இன்வெர்ட்டராக இருக்கக் கூடாது.

இன்வெர்ட்டருக்குப் பின்னால் சிறிய யூபிஎஸ் ஒன்றையும் வைப்பது நல்ல ஏற்பாடுதான். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியை யூபிஎஸ் நிரப்ப, நீண்ட நேரத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் சதுர அலையை நல்ல மின்சாரமாக ஏற்க மறுக்கும் யூபிஎஸ்கள் உண்டு. அவை வெளியே இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் பேட்டரியை முழுவதும் செலவழித்துவிட்டு அணைந்துபோகும்.

யூபிஎஸ்ஸில் எவற்றையெல்லாம் செருகலாம்?

கணினி, திரை, ரூட்டர், வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைச் செருகலாம். திரையை மறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கணினி உயிருடன் இருக்க, திரை இருண்டுவிட்டால் சேமிப்பதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

லேசர் பிரிண்டரை மட்டும் ஒருபோதும் செருகக் கூடாது. தாளில் மையை உருக்கி ஒட்டவைக்கும் அதன் உருளை சூடேறும்போது பல நூறு வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும். சிறிய யூபிஎஸ் அதைத் தாங்காது. மேசைமின்விசிறி, அறைச்சூடாக்கி, தூசி உறிஞ்சும் கருவி ஆகியவற்றுக்கும் இங்கே இடமில்லை. சில யூபிஎஸ்களின் பின்புறம் உள்ள சாக்கெட்டுகளில் ஒரு பாதிக்கு மட்டுமே பேட்டரி ஆதரவு இருக்கும், மறுபாதி மின்னெழுச்சியை, அதாவது மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுப்பதோடு சரி. இரண்டையும் பிரித்துக் காட்டும் சிறிய எழுத்துகள் மேசைக்கடியில் இருட்டில் தெரியாது. அதனால் செருகுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

மின்சாரம் போனாலும் இணையம் வேண்டும் என்றால்?

ரூட்டருக்கென்றே சிறிய நேர்மின்னோட்ட யூபிஎஸ்கள் கிடைக்கின்றன. ரூட்டரின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல அச்சிட்டிருக்கும். அதே வோல்ட்டும், அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியரும் தரும் ஒன்றை வாங்கினால் போதும். வோல்ட்டை வீட்டு மின்னழுத்தமாக ஏற்றி மறுபடியும் இறக்கும் வீண்செலவு இதில் இல்லாததால், சிறிய லித்தியம் பேட்டரியைக் கொண்டே மணிக்கணக்கில் ஓடும். கணினியின் யூபிஎஸ்ஸில் ரூட்டரையும் சேர்ப்பதைவிட இதையே நான் விரும்புவேன். ஒளியிழை இணைப்பு வைத்திருப்பவர்கள் ரூட்டரோடு சுவரில் மாட்டியிருக்கும் ஒளியிழைப் பெட்டிக்கும் மின்சாரம் தர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

யூபிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி இணைப்பு எதற்கு?

நாம் அருகில் இல்லாதபோது கணினியைத் தானாக அணைப்பதற்கு. மலிவான யூபிஎஸ்களில் பலவற்றில் இது இருக்காது. இருப்பதற்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் சிறிதென்றால் இருப்பதையே வாங்கலாம். பொதுவான முறையில் பேசும் யூபிஎஸ்ஸை இணைத்ததும் விண்டோஸ் அதை ஒரு பேட்டரியாகவே கருதி, மடிக்கணினியில் காட்டுவதுபோல மூலையில் பேட்டரிச் சின்னத்தைக் காட்டும். பேட்டரி இவ்வளவு இறங்கியதும் ஹைபர்னேட் செய் என்று மின் அமைப்புகளில் குறித்துவைத்துவிட்டால், திறந்திருந்தவை எல்லாம் வட்டில் எழுதப்பட்டுக் கணினி அணையும். லினக்ஸில் 'நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. எந்தெந்த யூபிஎஸ்களோடு அது பேசும் என்ற பட்டியலை வாங்குவதற்கு முன்பே பார்க்கலாம். இரவெல்லாம் ஓடும் கணினிக்கும், எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் வலைச் சேமிப்பகத்துக்கும் (என்ஏஎஸ்) இந்த இணைப்பு இல்லாத யூபிஎஸ் அரைகுறைப் பாதுகாப்பே.

மின்னல், எர்த் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்னெழுச்சித் தடுப்பு சிறிய எழுச்சிகளை உறிஞ்சிக்கொள்ளும். அருகில் விழும் மின்னலை எதிர்க்க அதனால் ஆகாது. இடி இடிக்கும்போது சுவர் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே இன்றளவும் உறுதியான வழி. வலைக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும்.

எர்த் இணைப்பு சரியில்லாத சாக்கெட்டில் யூபிஎஸ் தன் கடமையை முழுமையாகச் செய்ய முடியாது. கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியில் விரல் பட்டால் மெல்லிய சுருசுருப்பு தெரிகிறதா? அப்படியானால் யூபிஎஸ் வாங்கும் பணத்தில் முதலில் மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள்.

பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்?

மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பது பொதுவான கணக்கு. அதைத் தீர்மானிப்பதில் வெப்பத்துக்கே முதலிடம். இந்தப் பேட்டரிகளின் ஆயுள் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை வைத்தே குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். யூபிஎஸ்ஸைச் சுவரோடு ஒட்டி, கணினியின் வெப்பக்காற்று வெளியேறும் பக்கத்தில், துணியால் மூடி வைத்திருப்பவர்கள் ஒன்றரை ஆண்டில் பேட்டரி போய்விட்டது என்று வருந்துவதில் வியப்பில்லை. வெப்பத்துக்கு அடுத்த எதிரி, முழுவதும் வடிந்த பேட்டரியை மின்னேற்றாமல் போட்டுவைப்பது. ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டியாகப் படிந்துவிட்டால் பழைய கொள்ளளவு திரும்பாது. நீண்ட விடுமுறைக்குப் போகும்போது யூபிஎஸ்ஸை முழுதாக மின்னேற்றி அணைத்துவிட்டுச் செல்லலாம். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தால், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மின்னேற்ற வேண்டும்.

என்னுடைய முதல் யூபிஎஸ்ஸை ஐந்தாண்டு வரை ஒருமுறைகூடச் சோதிக்காமல் நம்பியிருந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மின்சாரம் நின்றபோது கணினியும் அந்தக் கணமே நின்றது. கீழ்மூடியைத் திறந்து பார்த்தால், பேட்டரியின் பக்கங்கள் உப்பி, அறைக்குள் இறுகிக்கொண்டு, இழுத்தாலும் வராமல் இருந்தது. அப்படி உப்பிய பேட்டரியை ஸ்குரூடிரைவரால் நெம்பக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓடு விரிந்தால் உள்ளிருக்கும் அமிலம் கசியும். எனவே, பேட்டரியை அல்லாமல் அதைச் சுற்றியுள்ள கூட்டைக் கழற்றுவதே சரி.

பேட்டரியை நாமே மாற்றலாமா?

மாற்றலாம். சுவர் பிளக்கைப் பிடுங்கி, யூபிஎஸ்ஸை அணைத்து, அதில் செருகியவற்றையும் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர்-மணி, நீள அகல உயரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒன்றும் உண்டு: முனைகளின் அகலம். இவ்வகை பேட்டரிகளில் 4.75 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் புழங்குகின்றன. மாற்றி வாங்கிவிட்டால் கம்பி நுனி செருகாது, அல்லது தளர்வாக ஆடும். தளர்ந்த இணைப்பு அதிக மின்னோட்டத்தில் சூடாகும் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்புக் கம்பி நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. கடைசிக் கம்பியைச் செருகும்போது சிறிய தீப்பொறி தெறித்தால் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு பேட்டரிகள் உள்ள யூபிஎஸ்ஸில் ஒன்றை மட்டும் மாற்றுவது பொய்ச் சிக்கனம். பழையது புதியதையும் சீக்கிரம் இழுத்து வீழ்த்தும். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல், ஈயத்தை மீட்டெடுப்பவர்களிடம் சேர்க்க வேண்டும்.

அதே யூபிஎஸ்ஸில் பெரிய பேட்டரியை வெளியே வைத்து இணைத்தால் அதிக நேரம் ஓடுமே?

ஓடும், எரியவும் வாய்ப்புண்டு. சிறிய யூபிஎஸ்ஸின் டிரான்ஸ்பார்மரும் டிரான்சிஸ்டர்களும் பத்து இருபது நிமிடம் சூடாவதற்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. மணிக்கணக்கில் ஓடினால் அந்த வெப்பம் வெளியேற வழியிருக்காது. உள்ளிருக்கும் சிறிய மின்னேற்றியும் பெரிய பேட்டரியை நிரப்பப் பல நாள் எடுக்கும். 7 ஆம்பியர்-மணிக்குப் பதிலாக அதே அளவில் கிடைக்கும் 9 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பொருத்துவதோடு நிறுத்திக்கொள்வது விவேகம்.

லித்தியம் பேட்டரியைப் பொருத்தலாமா?

ஈய-அமில பேட்டரிக்கென வடிவமைத்த யூபிஎஸ்ஸில் பொருத்த வேண்டாம். மின்னேற்றும் மின்னழுத்தமும், பேட்டரி தீர்ந்தது என்று முடிவுசெய்யும் புள்ளியும் இரண்டுக்கும் வேறு. லித்தியம் பேட்டரியுடனேயே விற்கப்படும் யூபிஎஸ் நல்ல தேர்வு. எடை குறைவு, ஆயுள் அதிகம், ஆனால் சிக்கன விலைக்குள் அது அடங்குவது கடினம்.

பழைய யூபிஎஸ் வாங்குவது லாபமா?

பெரும்பாலும் லாபமே. நல்ல தரமான யூபிஎஸ்ஸின் மின்சுற்று பத்தாண்டும் அதற்கு மேலும் உழைக்கும்; முதலில் சாவது பேட்டரி. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் யூபிஎஸ்களில் பல, பேட்டரி போனதால் மட்டுமே கழிக்கப்பட்டவை. புதிய பேட்டரியின் விலையைச் சேர்த்துக் கணக்கிட்டு, அதே வாட் கொண்ட புதிய யூபிஎஸ்ஸின் விலையில் பாதிக்குள் வந்தால் வாங்கலாம். கருகிய வாடை வீசினால் விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். சிறிய யூபிஎஸ்ஸின் எடையில் பெரும்பகுதி பேட்டரியிலும் டிரான்ஸ்பார்மரிலும் இருப்பதால், ஒரே வாட் சொல்லும் இரண்டில் ஒன்று மிகவும் இலகுவாக இருந்தால் ஏதோ ஒன்றில் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பேட்டரியை மாற்றுவதற்குத் தனி மூடி இருக்கிறதா, உள்ளிருப்பது எங்கும் கிடைக்கும் பொது அளவா என்று கேளுங்கள். தனக்கே உரிய வடிவில் பேட்டரி வைத்திருக்கும் யூபிஎஸ், மூன்றாண்டுக்குப் பிறகு அதே பேட்டரி கிடைக்காமல் மூலையில் கிடக்க நேரிடும். உத்தரவாதம் பேட்டரிக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் பாருங்கள். பேட்டரி தயாரான தேதி ஓராண்டுக்கு முந்தையது என்றால் வேறொன்றைக் கேட்கலாம். எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் பொத்தானும் சிலருக்கு முக்கியம். நள்ளிரவில் குழந்தை தூங்கும் வீட்டில் அதன் அருமை புரியும்.

வாங்கி வந்ததும் என்ன செய்வது? பிறகு எப்படிச் சோதிப்பது?

எட்டு மணி நேரமாவது சுவரில் செருகி மின்னேற விட வேண்டும். பிறகு கணினியில் முக்கியமான எதுவும் திறந்திராத நேரத்தில், பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் அறுந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து, எச்சரிக்கை ஒலி விரைவாகும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதியுடன் யூபிஎஸ்ஸின் பக்கவாட்டிலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் இதையே செய்து பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகச் செய்யலாம். அடிக்கடி முழுவதும் வடியவிடுவது பேட்டரிக்கு நல்லதன்று. சீட்டில் உள்ள நிமிடம் பாதியாகிவிட்டால் அடுத்த பேட்டரி வாங்கும் வேளை வந்துவிட்டது.

பீப் ஒலிகளுக்கு என்ன பொருள்?

மாதிரிக்கு மாதிரி வேறுபட்டாலும், சில நொடிக்கு ஒருமுறை கேட்டால் பேட்டரியில் ஓடுகிறது என்றும், அடுத்தடுத்து விரைவாகக் கேட்டால் பேட்டரி தீரப்போகிறது என்றும், விடாமல் தொடர்ந்து கேட்டால் சுமை மிகுந்துவிட்டது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். மின்சாரம் இருக்கும்போதே நீண்ட இடைவெளி விட்டு ஒலித்தால், அது பேட்டரியை மாற்றச் சொல்வதாக இருக்கக்கூடும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலி கேட்கும் நேரத்தில் கையேடு கிடைக்காது.